காந்தம் ஒட்டாத இடம்

என் அப்பாவுக்கு எண்பது வயது. அவருடைய காருக்கு ஐம்பத்தைந்து. 2024 ஆகஸ்டில், ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் தனித்தனி நிபுணர்களிடம் காட்டினேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்.

"வெளியில பார்க்க நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் போயிருக்கு."

அப்பாவுக்குக் கண். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. அவருக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஓரத்துப் பார்வை போய், இப்போது நடுவில் கொஞ்சம் மிச்சம். "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

காருக்குத் துரு. பெயின்டிங் மேஸ்திரியும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார். (ஃபீஸ்தான் வேறு. மேஸ்திரிக்கு அதிகம்.)

கார் என்றதும் படகு மாதிரி எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் ஏதோ இங்கிலீஷ் பேப்பர் மாதிரி தோன்றலாம். அவர்களுக்காக ஒரு பாரா.

இங்கிலாந்தில் 1959-ல் பிறந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1960-களில் மெட்ராஸிலேயே தயாரித்தார்கள். வடிவம் கொடுத்தவர் மிச்செலோட்டி என்கிற இத்தாலியர். சீமையில் அதற்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்து பின்னால் உட்காரும்படி நம் வீட்டு அத்தைகளிடம் யார் போய்ச் சொல்வது? நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கு மட்டும் செய்த ஸ்பெஷல். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட், மட்கார்டு எல்லாவற்றோடும் மூக்கே முன்பக்கம் சாயும். கார் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். (இந்த உவமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

எங்கள் ஆபீஸில் ஒரு இளைஞன் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அமெரிக்கர்கள் பழைய கார்களைப் புதுப்பிக்கிற வீடியோக்களைத்தான் ஊறுகாயாகத் தொட்டுக்கொள்வான். "சார், உங்களுது மஸில் காரா சார்?" என்று ஆவலாகக் கேட்டான்.

மஸில் கார் என்பது தனி ஜாதி. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. அந்த ஜாதிக்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். எட்டு சிலிண்டர், ஆறு லிட்டருக்கு மேல் இன்ஜின், 325 குதிரை சக்தி. எங்கள் ஹெரால்டு 948 சி.சி. குதிரைகளை எண்ணச் சொல்லி என்னை அவமானப்படுத்தாதீர்கள்.

"மஸில் இல்லப்பா. எலும்பும் தோலும்தான்" என்றேன். "அதுலயும் தோல் உரிஞ்சுட்டு இருக்கு."

ஆனால், ஒரு விஷயத்தில் அந்த பயில்வானும் இந்த நோஞ்சானும் சமம். அமெரிக்காவில் குளிர்காலப் பனியைக் கரைக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். நமக்கு அந்த சிரமம் வேண்டாம். வங்காள விரிகுடா வருஷம் பூரா இலவசமாகத் தூவுகிறது. இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்தாலே துரு. உப்பும் சேர்ந்தால் கல்யாண வீட்டு வேகம்தான்.

எங்கள் வீடு கோட்டூர்புரத்தில். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தபோது, எங்கள் காரையும் விசாரித்துவிட்டுத்தான் போயிற்று. இரண்டு நாள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வடிந்தபின் கதவுகளுக்குள் சேறு.

2016-ல் ஒரு ரோட்டோர ஷெட்டில் விட்டு, "நாலு நாள்ல வேணும்" என்றேன். நாலாம் நாள் கார் வந்தது. நீல நிறத்தில், பளபளவென்று, மாப்பிள்ளை மாதிரி. பதினெட்டாயிரம் ரூபாய். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். ஒன்றைக் குத்திப் பார்த்தேன். பெயின்ட் அப்பளமாகப் பெயர்ந்து, உள்ளேயிருந்து செம்மண் கொட்டியது.

அவமானத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். எட்டு வருஷம்.

திரும்ப எடுக்கக் காரணம் அம்மா. அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம், 2025 தை மாதம் என்று முடிவானது. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அம்மா கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கார்ல கோயிலுக்குப் போகணும். கண்ணு தெரியறதுக்குள்ள" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நான் கேட்டது வேட்டியா, சட்டையான்னு" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள். ஆனால், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

* * *

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். விரல் நகங்களில் எத்தனையோ கார்களின் நிறம். எஸ்டிமேட் கேட்டேன். பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். ஃப்ரிட்ஜில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்குமே, அந்த சைஸ். அதை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, காரின் உடம்பில் அங்கங்கே வைத்து வைத்து எடுத்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல.

"தகரம் இருந்தா ஒட்டும் சார். பட்டி கனமா இருந்தா ஒட்டாது."

பட்டி என்றால் டொக்கு விழுந்த இடத்தை நிரப்புகிற பசை. காய்ந்ததும் கல்லாகும். அதைத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் டொக்கு இருந்த சுவடே தெரியாது. கண்ணை ஏமாற்றலாம். காந்தத்தை முடியாது.

கூரை, ஒட்டியது. முன் கதவு, ஒட்டியது. கதவின் அடிப்பாகம், விழுந்தது. பின்பக்க இடது மட்கார்டு...

காந்தம் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். மறுபடியும் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு எங்கே வைத்தாலும் விழுந்தது.

மேஸ்திரி ஒரு உளியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். தொல்பொருள் துறை தோற்றது போங்கள். மேலே 2016-ன் நீலம். அதன் அடியில் வெள்ளைப் பட்டி. அதற்கும் அடியில் இன்னொரு நீலம், கொஞ்சம் வேறு மாதிரி. அதற்கடியில் பழுப்பேறிய, விரலளவு கனத்தில் வேறொரு பட்டி. கடைசியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு மாதிரி துரு. உளி உள்ளே போய்விட்டது.

"இது ரெண்டு கை வேலை சார். மேல இருக்கறது இப்பத்தி. அடியில இருக்கறது முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும். யாரோ அவசரத்துல பண்ணியிருக்கான். ப்ரைமரே அடிக்கல பாருங்க. பச்சைத் தகரத்து மேலயே பட்டிய அப்பிட்டான். பட்டி ஈரத்தக் குடிக்கும் சார். குடிச்சு குடிச்சு தகரத்துக்குக் குடுத்துட்டே இருக்கும். மத்ததெல்லாம் வெள்ளத்துல போனது. இது அதுக்கு முன்னாடியே போனது."

"ஓ... அப்படியா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஏனென்றால், அந்த 'யாரோ' அவர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தான்.

* * *

1990 ஜனவரி. எனக்கு இருபது வயது. அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார்கள். கார் சாவி பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால். தொடக்கூடாது என்று உத்தரவு. சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

மூன்று நண்பர்கள், மகாபலிபுரம். போகும்போது நன்றாகத்தான் போனோம். திரும்புவதற்காக ரிவர்ஸ் எடுத்தபோது 'டொம்' என்று ஒரு சத்தம். பல்லவர் காலத்திலிருந்தே அந்த ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்று பின்பக்க இடது மட்கார்டுக்குள் அரை அடி நீளத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் காலை ஒரு டிங்கரிடம் ஓடினேன். அவர் யோக்கியமான மனிதர். "தட்டி எடுத்து, ப்ரைமர் அடிச்சு, காய வெச்சு, அப்பறம்தான் பட்டி. ரெண்டு நாள் ஆகும் தம்பி" என்றார்.

"நாளைக்கு விடிகாலை அப்பா வந்துடுவாரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஒரு அப்பா இருந்திருக்க வேண்டும். பட்டியை அப்பினார். ராத்திரி ஒன்பது மணிக்கு பெயின்ட் அடித்து முடித்தார். கலரைக் கண்ணாலேயே கலந்து கண்ணாலேயே ஒப்பிட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்தியது. முந்நூறு ரூபாய். அப்பாவிடம் அதைச் 'செமஸ்டர் ஃபீஸ் கூடிப்போச்சு' என்று பின்னால் வசூல் பண்ணினேன்.

அப்பா வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது. எத்தனை நல்ல பட்டி என்று பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்துநாலு வருஷம் கழித்து, அந்தப் பட்டி மேஸ்திரியின் உளியில் வந்து நிற்கிறது.

* * *

வேலை ஆரம்பித்தது. ஹெரால்டில் ஒரு சௌகரியம். இந்தக் காலத்துக் கார்கள் மாதிரி எல்லாம் ஒரே கூடு இல்லை. சேஸ் தனி, பாடி தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். (போல்ட் கழன்றால்தானே. எங்கள் காரில் பாதி போல்ட்டுகள் ஆக்ஸா பிளேடுக்குத்தான் மசிந்தன.)

சேஸை மணல் வீசித் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினார்கள். பாடித் தகரத்துக்கு அந்த வைத்தியம் கூடாதாம். மெல்லிய தகரம், நெளிந்துவிடும். கெமிக்கல் தடவி, சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, எமரி பேப்பரால் தேய்த்து... ஒரு பையன் பதினோரு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி, துரு மேலேயே அடிக்கிற பெயின்ட் வந்திருக்காமே?"

"வந்திருக்கு சார். துருவக் கறுப்பா மாத்தற மருந்தும் இருக்கு. கை போகாத எடத்துல நானே போடுவேன். ஆனா கை போற எடத்துல துருவ வெச்சுட்டு மேல பூசறது, குப்பைய கூட்டி பாய்க்கு அடியில தள்றா மாதிரி."

அலுமினியத்தைக் காற்று தொட்டால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகி, அதுவே கவசமாகிவிடும். இரும்புக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. துருவில் நுண்ணிய துவாரங்கள். ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தவிர, துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெயின்டுக்கு அடியில் துளி துரு தங்கினாலும், அது உப்பி, பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளுவது இதனால்தான். 2016-ல் என் பதினெட்டாயிரம் ரூபாய் போன வழி இப்போது விளங்கியது.

2016-ன் இன்னொரு மகத்தான சாதனையும் வெளியே வந்தது. கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. கண்ணாடி வழியே இறங்குகிற மழைத் தண்ணீர் வடிவதற்கு. நான் கேட்ட நாலு நாள் அவசரத்தில் அவற்றையும் பட்டி போட்டு அழகாக அடைத்திருந்தார்கள். கதவு கதவாக இல்லாமல் மீன் தொட்டியாக இருந்திருக்கிறது.

சுத்தம் செய்த தகரத்துக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த கரைசலில் ஒரு குளியல். மிச்சமிருக்கிற துருவைக் கரைத்து, தகரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு விடும். அலசித் துடைத்துக் காயவைத்ததும், அன்றைக்கே ப்ரைமர். 'நாளைக்கு அடிக்கலாமே' என்ற பேச்சே கிடையாது.

"நம்மூர் காத்துக்குப் பச்சைத் தகரத்த ராத்திரி விட்டா, காலையில மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கும் சார்."

அந்தக் காலத்தில் செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு ப்ரைமர். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே சமாசாரம். இப்போது எபாக்ஸி. இரண்டு டப்பா, கலந்தால் இறுகும். தகரத்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஈரத்தை அண்ட விடாது. அதன் மேல்தான் பட்டி. அதுவும் தோசை கனத்துக்கு மேல் போகக்கூடாது.

"பட்டி தப்பில்ல சார்" என்றார் மேஸ்திரி. "எங்க போடறோம்னு இருக்கு. மேடு பள்ளத்த நெரவலாம். ஓட்டைய மறைக்கக் கூடாது."

நான் அவசரமாக போன் வந்தது போல வெளியே போனேன்.

பின்பக்க இடது மட்கார்டை மட்டும் மேஸ்திரி தொடவில்லை. "அழுகினத வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வைக்கணும். நெறைய வெட்ட வேண்டி வரும். அப்பறம் ஒரிஜினல் போச்சுன்னு பேச்சு வரக்கூடாது. வண்டிக்காரர் ஒரு தடவ பார்த்துட்டு வெட்டச் சொல்லட்டும்" என்றார்.

"நான்தான் சொல்றேனே, வெட்டுங்க."

"ஆர்.சி. புக்குல யார் பேரு சார்?"

அப்பா பேர்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். வெயில் என்றேன். அப்புறம் அக்டோபர் வந்து மழை என்றேன். மேஸ்திரி அவசரப்படவில்லை. எனக்குத்தான் நாள் குறைந்துகொண்டே வந்தது.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஷெட்டில், முதுகெலும்பை உருவினது மாதிரி பாடி மட்டும் நாலு ஸ்டூல்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே போனார். பார்வையை நம்பாமல் கையை நம்பினார். கூரை, கதவு, பின் தூண்... உள்ளங்கை நகர்ந்துகொண்டே வந்தது. அந்த மட்கார்டில் வந்து நின்றது. விரல் ஓட்டைக்குள் போயிற்று.

மேஸ்திரி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். எப்படி முந்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

"அப்பா... அந்த இடம்... அது வெள்ளத்துல போனதில்ல. காலேஜ் படிக்கறப்ப... நீங்க மதுரைக்குப் போயிருந்தீங்க... நான்தான் வண்டிய எடுத்துட்டுப் போய்..."

ஐம்பத்துநாலு வயது. ஆபீஸில் பதினாலு பேர் என்னை 'சார்' என்கிறார்கள். தொண்டை அடைத்துக்கொண்டு, செமஸ்டர் ஃபீஸ் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அப்பா விரலை எடுக்கவில்லை.

"மகாபலிபுரமா, கோவளமா?" என்றார்.

"...மகாபலிபுரம்."

"அதானே பார்த்தேன். கிலோமீட்டர் கணக்கு நூத்திப்பத்து உதைச்சுது. கோவளம்னா அவ்வளவு வராது."

நான் மறந்தே போயிருந்தேன். அப்பா அக்கவுன்ட்ஸ் ஆசாமி. பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரை நோட்டில் எழுதுகிறவர்.

"கால் மிதியடில கடல் மண்ணு. அந்த நீலமும் ஒரு மாதிரி. டியூப்லைட்ல பார்த்துக் கலந்திருப்பான். காலைல வெயில்ல நின்னா தெரியாதா? ஞாயிறு ஞாயிறு கழுவறேன். தட்டினா அந்த ஒரு இடம் மட்டும் சத்தமே வராது. செத்த சத்தம்."

"அப்போ ஏம்ப்பா கேக்கல?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டா நீ பொய் சொல்லுவே. வண்டில விழுந்த சொட்டை போதும், பேச்சுலயும் ஒண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்." பிறகு, "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அடுத்த மாசமே ஸ்பேர் சாவிய உன் கைல குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்தச் சாவியை நான் என் டிரைவிங் திறமைக்குக் கிடைத்த விருது என்று முப்பத்துநாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷம் எனக்கு ஹெரால்டின் பானெட் மாதிரி மூக்கோடு முன்னால் சாய்ந்துவிட வேண்டும் போலிருந்தது.

மேஸ்திரி கனைத்தார். "ஐயா, வெட்டலாங்களா?"

"வெட்டுப்பா" என்றார் அப்பா. "நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டு."

* * *

ஒரு அடிக்கு முக்கால் அடி வெட்ட வேண்டியிருந்தது. அந்த வளைவுக்குத் தக்கபடி புதுத் தகரத்தை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார்கள். சூடு ஓரிடத்தில் சேராதபடி புள்ளி புள்ளியாக வெல்டிங். உள்பக்கமும் எபாக்ஸி. 1990-ல் அந்த டிங்கர் செய்யச் சொல்லி, நான் செய்ய விடாத அதே வேலை.

கலருக்கு ஒரு யோசனை சொன்னது அப்பாதான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தோம். வெயிலே படாத ஒரு மூலையில், வெள்ளமும் எட்டாத உயரத்தில், 1969-ன் நீலம் அப்படியே இருந்தது. பெயின்ட் கடையில் அதை வைத்து மூன்று மாதிரி கலந்து, தகரத் துண்டுகளில் அடித்துக் கொடுத்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் மொட்டை மாடி வெயிலில் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, நடுவில் மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சப் பார்வையைக் குறி வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம். "ரெண்டாவது" என்றார்.

நவம்பர் முழுக்க மேஸ்திரி கன்னைத் தொட மறுத்துவிட்டார். காற்றில் ஈரம். பழைய லேக்கர் பெயின்ட் என்றால் இந்த ஈரத்தில் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். தின்னர் ஆவியாகிப் பரப்பு சில்லிட, ஈரம் அதில் படிந்துவிடும். இப்போதைய இரண்டு டப்பா பெயின்டுக்கும் ஈரம் ஆகாது. கம்ப்ரஸர் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் காரில் கண்ணீர்த் துளி. அந்த நாட்களை மேஸ்திரி வீணாக்கவில்லை. பிரைமர் சர்ஃபேசரின் மேல் கறுப்பைப் பனி மாதிரி தூவச் சொன்னார். பிறகு, மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். மேடெல்லாம் வெளுக்க, பள்ளத்தில் மட்டும் கறுப்பு மிச்சம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கிற தந்திரம். கறுப்பு முழுக்கப் போகிறவரை விடவில்லை. அதற்கப்புறம் தண்ணீர் பட்ட இடமெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

டிசம்பர் கடைசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில். ஷெட் தரையில் தண்ணீர் தெளித்து தூசியை அடக்கினார்கள். மேஸ்திரியும் பையனும் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் மாட்டிக்கொண்டார்கள். பையன் புழுக்கத்தில் மாஸ்கைக் கொஞ்சம் இறக்கினான். மேஸ்திரி கன்னைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையில் ஒன்று வைத்தார்.

"எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு மூஞ்சில துண்ட கட்டிக்கிட்டு அடிச்சாரு சார். கடைசில மாடிப்படி ஏற முடியாம இருமிட்டே கெடந்தாரு." இந்த பெயின்டின் ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்ற சரக்கு, நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. துண்டெல்லாம் அதற்குத் தடை இல்லை. துரு காருக்கு மட்டும் பிடிப்பதில்லை.

கடைசி வேலை யார் கண்ணுக்கும் தெரியாதது. கதவுக்குள், அடிச்சட்டத்துக்குள் நீளக் குழாயை விட்டு மெழுகு மாதிரி ஒரு திரவத்தைப் பீய்ச்சினார்கள். மூலை முடுக்கெல்லாம் ஊறிப்போய் ஈரத்தைத் தள்ளி நிறுத்தும். பிறகு, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மேஸ்திரியே ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்து வைத்தார். மொத்தத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். "கண்ணுக்குத் தெரியற பெயின்டுக்கு இதுல கால் பாகம்தான் சார்" என்றார். பில்லில் அது எனக்கும் தெரிந்தது.

தை மாதம், கோயிலுக்குப் புறப்படும் காலை. பட்டு வேட்டியும் மாலையுமாக அப்பா காரை ஒரு சுற்று வந்தார். பின்பக்க இடது மட்கார்டின் பக்கத்தில் நின்று, விரல் முட்டியால் தட்டினார்.

'டங்'.

இன்னொரு தடவை தட்டினார்.

"இப்ப சரி" என்று ஏறி உட்கார்ந்தார். அம்மா முந்தானையைச் சொருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். நாலாவது கதவு வாழ்க.

* * *

மேஸ்திரியிடம் அந்தக் காந்தத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ராத்திரி வாசலில் நின்ற என் பையனின் பைக்கைப் பார்த்தேன். டாங்கின் வலது பக்கம் மட்டும் அநியாயத்துக்குப் பளபளத்தது. நேராக உள்ளே போய்க் காந்தத்தை எடுத்தேன். வாசல்வரை வந்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்ச் சீட்டின் மேலேயே ஒட்டி வைத்தேன்.

பிறகு, ஹெரால்டின் ஸ்பேர் சாவியை எடுத்துப் பையனின் மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் போல முப்பத்துநாலு வருஷமெல்லாம் என்னால் தாங்காது. தீபாவளி வரைக்கும் பார்ப்பேன்.